அளவு மாறினால் மாட்யூல் ஏறாது: நெட்மேப்பை மூல நிரலிலிருந்து கட்டுவோம்

புதன்கிழமை காலை. தரமணியில் நான் வகுப்பெடுக்கும் லேபுக்குள் நுழைந்ததுமே ஒரு மாணவி ஓடிவந்தாள். "மேம், திங்கக்கிழமை நெட்மேப் நல்லா ஓடுச்சு. இன்னிக்கு இன்ஸ்மாட் போட்டா இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்னு வருது. நான் எதையுமே தொடல மேம்."

நெட்மேப் என்பது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளான பேக்கெட்டுகளை வேகமாகக் கையாளும் கருவித்தொகுப்பு; இன்ஸ்மாட் அதன் மாட்யூலை ஏற்றும் கட்டளை. அவள் சொன்னது உண்மைதான். செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் இல்லை. யூபிஎஸ் தாக்குப்பிடித்த வரை பிடித்துவிட்டு அணைந்தது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் யாரோ எல்லாக் கணினிகளையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"யுனேம் -ஆர் அடிச்சுப் பாரு" என்றேன். அது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், பதிப்பைக் காட்டும் கட்டளை. திங்கட்கிழமை அவள் நோட்டில் எழுதி வைத்திருந்த எண் ஒன்று, திரையில் வந்த எண் வேறொன்று. லேபில் ஓடும் உபுண்டு லினக்ஸ் சில நாட்களுக்கு முன்பே புதிய கெர்னலைத் தானாக இறக்கி வைத்துவிட்டு, அடுத்த ரீபூட்டுக்காகக் காத்திருந்தது. கரண்ட் போய் வந்ததில் அந்த ரீபூட் நடந்துவிட்டது.

ஒரு மென்பொருளை மூல நிரலிலிருந்து கட்டி, அதன் கெர்னல் மாட்யூலை ஏற்றக் கற்றுக்கொள்ளும் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது முட்டிக்கொள்கிறார்கள். காரணம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் கட்டளைகளை விடக் காரணத்தில்தான் இங்கே அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன். கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன்.

கணினியில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. ஒன்று நாம் அன்றாடம் ஓட்டும் நிரல்களுடையது: பிரவுசர், எடிட்டர், வீடியோ பிளேயர். இன்னொன்று கெர்னலுடையது. நினைவகத்தைப் பங்கிடுவது, டிஸ்க்கில் எழுதுவது, நெட்வொர்க் கார்டோடு பேசுவது எல்லாம் அங்கே நடக்கின்றன. சாதாரண நிரலில் தவறு நேர்ந்தால் அந்த நிரல் மட்டும் செத்துப்போகும். கெர்னலுக்குள் தவறு நேர்ந்தால் மொத்தக் கணினியும் நின்றுவிடலாம்.

கெர்னல் மாட்யூல் என்பது கணினியை நிறுத்தாமலே கெர்னலோடு சேர்த்துவிடக்கூடிய ஒரு துண்டு. கேஓ என்ற பின்னொட்டோடு முடியும் கோப்பு அது. ஏறிய பிறகு அதற்கும் கெர்னலுக்கும் நடுவில் சுவர் கிடையாது. கெர்னலின் செயல்கூறுகளை (ஃபங்ஷன்களை) நேரடியாக அழைக்கும். கெர்னலின் தரவு அமைப்புகளுக்குள் இத்தனையாவது பைட்டில் இந்த விவரம் இருக்கிறது என்று நம்பிக் கை வைக்கும்.

சிக்கல் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. சாதாரண நிரல்களுக்கு லினக்ஸ் கெர்னல் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது: உன்னோடு பேசும் முறையை மாற்றி உன்னை உடைக்க மாட்டேன் என்று. அதனால் பல ஆண்டுகளுக்கு முன் கம்பைல் செய்த நிரல்கூட இன்றைய கெர்னலில் ஓடிவிடும். மாட்யூல்களுக்கு அப்படி எந்த வாக்கும் இல்லை. கெர்னலின் உள் அமைப்பு எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதை அதைப் பராமரிப்பவர்கள் தெரிந்தேதான் கொள்கையாக வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் இதற்கான காரணங்களை எழுதிய கட்டுரை கெர்னலின் ஆவணங்களோடு சேர்த்தே வருகிறது. உள்ளே இருக்கும் பழைய குறையைத் திருத்த வேண்டுமானால் அமைப்பை மாற்றும் சுதந்திரம் வேண்டும் என்பது அவர் வாதத்தின் மையம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும் கெர்னல், பழைய அளவுகளைச் சுமந்துகொண்டே நடக்க முடியாது.

அளவு என்று சொன்னது தையல்கடையை நினைத்துத்தான். தையல்காரரிடம் துணி கொடுக்கும்போது கூடவே ஒரு அளவு ஜாக்கெட்டும் கொடுப்போம். புதுத் துணி அந்த அளவுக்கு வெட்டப்படும். ஆறு மாதம் கழித்து உடம்பு மாறிவிட்டால், நன்றாகத் தைத்த அதே ஜாக்கெட் கை நுழையாது. துணியிலும் குறையில்லை, தையலிலும் குறையில்லை. அளவு பழசு, அவ்வளவுதான்.

மூல நிரல் துணி. மூல நிரலை ஓடக்கூடிய கோப்பாக மாற்றும் கம்பைலர் தையல்காரர். கெர்னல் ஹெடர்கள் அளவு ஜாக்கெட். ஹெடர் தொகுப்பில் கெர்னலின் மூல நிரல் முழுதாக இருக்காது. எந்த அமைப்பு எவ்வளவு நீளம், எந்தச் செயல்கூறு என்ன கேட்கும் என்ற அளவுகளும், கட்டுவதற்குத் தேவையான சில கருவிகளும்தான் இருக்கும். மாட்யூல் கட்ட அது போதும்.

தைத்து முடித்த மாட்யூலில் வெர்மேஜிக் என்ற ஒரு வரி பதிந்திருக்கும். எந்தக் கெர்னல் பதிப்புக்காக, எந்த முக்கிய அமைப்புகளோடு இது கட்டப்பட்டது என்பதை அது சொல்லும். 'மாட்இன்ஃபோ' கட்டளை அதைக் காட்டும். இதோடு, தான் பயன்படுத்தும் கெர்னல் செயல்கூறுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை எண்ணை மாட்யூலில் பதிக்கும் வழக்கமும் பல லினக்ஸ் விநியோகங்களில் உண்டு. ஏற்றும்போது கெர்னல் இவற்றைச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் உள்ளே விடாது. மாணவியின் திரையில் வந்த இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட் அந்த மறுப்புதான். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து பலர் திரும்பத் திரும்ப இறக்குவார்கள். கோப்பு கெடவில்லை. பொருந்தாத மாட்யூல் உள்ளே போய்த் தவறான பைட்டில் எழுதுவதைவிட வாசலிலேயே நிறுத்தப்படுவது எவ்வளவோ மேல்.

இப்போது நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பொருளுக்கு வருகிறேன். பெயர் நெட்மேப். இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் லூயிஜி ரிஸ்ஸோ உருவாக்கியது. 2012-இல் யூசெனிக்ஸ் ஆண்டு தொழில்நுட்ப மாநாட்டில் அவர் அதைப் பற்றி வாசித்த ஆய்வுக்கட்டுரை அந்த ஆண்டின் சிறந்த கட்டுரையாகத் தேர்வானது. பேக்கெட்டுகளை மிக வேகமாக அனுப்பவும் பெறவும் உதவும் கருவித்தொகுப்பு. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் அது உடன் வருகிறது. லினக்ஸில் நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வேகம் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஈதர்நெட் கம்பியில் பேக்கெட்டைச் சுமக்கும் உறைக்கு ஃப்ரேம் என்று பெயர்; மிகச் சிறிய ஃப்ரேம் 64 பைட். கம்பியில் அதற்கு முன்னும் பின்னும் வேண்டிய இடைவெளியையும் அடையாளத்தையும் சேர்த்தால் 84 பைட், அதாவது 672 பிட். நொடிக்கு 10 கிகாபிட் போகும் இணைப்பில் அப்படி 1.488 கோடி ஃப்ரேம்கள் வரலாம். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 67 நானோ நொடி. 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரில் அது சுமார் 200 கடிகாரத் துடிப்பு. அதற்குள் பேக்கெட்டை வாங்கி, பார்த்து, முடிவெடுத்து அனுப்ப வேண்டும்.

கெர்னலின் வழக்கமான பாதையில் இது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் நினைவகத்தில் புதிதாக இடம் ஒதுக்க வேண்டும். நம் நிரல் ஒவ்வொரு முறையும் கெர்னலைக் கூப்பிட வேண்டும். கெர்னல் வைத்திருக்கும் தரவை நம் பக்கத்துக்கு நகலெடுக்க வேண்டும். தண்ணீர் லாரி வரும் தெருவில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குடத்தைத் தேடி எடுத்து, வரிசையில் நின்று, ஒவ்வொரு குடமாக நிரப்பி மூன்றாவது மாடிக்குச் சுமப்பது ஒரு வகை. லாரி நேராகச் சம்ப்பில் ஊற்றிவிட்டுப் போக, நாம் சம்ப்பிலிருந்தே எடுத்துக்கொள்வது இன்னொரு வகை. நெட்மேப் இரண்டாவது வகை. வழக்கமாக 2048 பைட் அளவுள்ள இடங்களை முன்கூட்டியே ஒதுக்கி, ரிங் என்ற வட்ட வரிசைகளில் அடுக்கி வைக்கிறது. அந்த நினைவகத்தை கார்டும் கெர்னலும் நம் நிரலும் பகிர்ந்துகொள்கின்றன. நகலெடுப்பு இல்லை. கெர்னலைக் கூப்பிடுவதும் பேக்கெட்டுக்கு ஒருமுறை இல்லாமல் ஒரு கொத்துக்கு ஒருமுறை. 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே ஒரு கோர், 10 கிகாபிட் இணைப்பின் அந்த 1.488 கோடியையும் எட்டியது என்று ரிஸ்ஸோ காட்டினார். பேக்கெட்டுக்கு ஏறக்குறைய 60 துடிப்பு! முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

கட்டும் வேலைக்குப் போவோம். வேண்டியவை: நிரலை இறக்க கிட், கட்டும் வேலையை நடத்த மேக், கம்பைலராக ஜிசிசி, ஓடும் கெர்னலுக்கான ஹெடர் தொகுப்பு. உபுண்டுவிலும் டெபியனிலும் ஹெடர் தொகுப்பின் பெயரோடு யுனேம் -ஆர் தரும் எண்ணை அப்படியே ஒட்டிக் கேட்க வேண்டும். நிறுவியதும் லிப் மாட்யூல்ஸ் அடைவுக்குள், அந்தக் கெர்னலின் பெயருள்ள அடைவில், 'பில்ட்' என்றொரு சுட்டி தோன்றும். அது ஹெடர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும். மாட்யூல் கட்டும் எந்த மென்பொருளும் முதலில் தேடுவது அந்தச் சுட்டியைத்தான். அது இல்லை என்று பிழை வந்தால் அளவு ஜாக்கெட் இல்லாமல் தையல்கடைக்குப் போயிருக்கிறீர்கள் என்று பொருள்.

கம்பைலரையும் பாருங்கள். கெர்னலை எந்த ஜிசிசி பதிப்பால் கட்டினார்களோ அதே பதிப்பால் மாட்யூலையும் கட்டுவது நல்லது. பதிப்பு வேறானால் எச்சரிக்கையோடு தப்பிக்கலாம். சில நேரம் புரியாத ஆப்ஷன் என்று கம்பைலரே நின்றுவிடும்.

நெட்மேப்பின் நிரலை இறக்கி, அந்த அடைவுக்குள் போய், முதலில் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். திரையில் வரிகள் ஓடும்போது மாணவர்கள் போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம், அழகான வேலை நடக்கிறது. உங்கள் கெர்னலில் இந்தச் செயல்கூறு எத்தனை மதிப்புகள் கேட்கிறது, அந்த அமைப்பில் இந்தப் பெயர் இன்னும் இருக்கிறதா என்று சின்னச் சின்ன நிரல்களை எழுதிக் கம்பைல் செய்து பார்த்து, எது தேறியது எது தேறவில்லை என்று குறித்துக்கொள்கிறது. பல கெர்னல் பதிப்புகளுக்கு ஒரே மூல நிரல் பொருந்துவது இதனால்தான். கெர்னல் மிகப் புதிதாக இருந்தால், நெட்மேப்பை எழுதியவர்கள் இன்னும் பார்த்திராத மாற்றம் அதில் இருக்கும். அப்போது மேக் பாதியில் நிற்கும். உங்கள் தவறில்லை. நெட்மேப்பின் புதிய நிரலை இறக்கிப் பாருங்கள், அல்லது சற்றுப் பழைய, நீண்ட கால ஆதரவுள்ள கெர்னலில் கட்டுங்கள்.

தொடங்குபவர்கள் கான்ஃபிகரை 'நோ-டிரைவர்ஸ்' என்ற தேர்வோடு ஓட்டுவதையே நான் சொல்வேன். நெட்மேப் முழு வேகத்தில் ஓட, நெட்வொர்க் கார்டின் டிரைவரையும், அதாவது கார்டை இயக்கும் நிரலையும், திருத்திக் கட்ட வேண்டும். அதற்கு டிரைவரின் மூல நிரல் தேவை. ஹெடர் தொகுப்பில் அது இருக்காது. நோ-டிரைவர்ஸ் என்றால் நெட்மேப் மாட்யூல் மட்டும் கட்டப்படும். இருக்கும் டிரைவரைத் தொடாமல், எமுலேட்டட் முறையில் அதன் மேலேயே ஓடும். வேகம் குறைவுதான், ஆனால் கற்றுக்கொள்ள எதுவும் குறையாது.

அடுத்து மேக். முடிந்ததும் நெட்மேப் கேஓ என்ற கோப்பு கிடைக்கும். ஏற்ற இரண்டு வழிகள். 'இன்ஸ்மாட்' நீங்கள் காட்டும் கோப்பை அப்படியே ஏற்றும். அதற்கு வேறு எது தேவை என்று யோசிக்காது. 'மாட்ப்ரோப்' பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, ஓடும் கெர்னலின் அடைவில் தேடி, முன்னால் ஏற வேண்டியவற்றை முதலில் ஏற்றிவிட்டு இதை ஏற்றும். அந்த உறவுப் பட்டியலை எழுதி வைப்பது 'டெப்மாட்'. அதனால் மாட்ப்ரோப் வேலை செய்ய வேண்டுமானால் மேக் இன்ஸ்டால் செய்து, டெப்மாட்டும் ஓடியிருக்க வேண்டும்.

என் மாணவி இன்ஸ்மாட்டுக்குப் பதில் மாட்ப்ரோப் போட்டிருந்தால் வேறொரு பிழை வந்திருக்கும்: மாட்யூல் கண்டுபிடிக்கப்படவில்லை என்று. புதுக் கெர்னலுக்குப் புது அடைவு. நெட்மேப் பழைய அடைவில் கிடக்கிறது. மறுபடி கான்ஃபிகர் போட்டிருந்தால் பில்ட் சுட்டியே இல்லை என்று வந்திருக்கும், ஏனென்றால் அவள் பழைய எண்ணுக்கான ஹெடரை மட்டும்தான் நிறுவியிருந்தாள். மூன்று பிழை, மூன்றுக்கும் ஒரே காரணம்.

ஏற்றும்போது எந்தப் பிழை வந்தாலும் 'டிமெஸ்ஜி' கட்டளை போட்டுப் பாருங்கள். டெர்மினலில் ஒரு வரியாக வரும் பிழைக்குக் கெர்னல் தன் மொழியில் விளக்கம் எழுதியிருப்பது அங்கேதான். நல்லபடியாக ஏறினாலும் அங்கே ஒரு வரி பயமுறுத்தும்: வெளியிலிருந்து வந்த மாட்யூல் கெர்னலைக் கறைப்படுத்துகிறது என்று. ஒன்றும் ஆகிவிடவில்லை. நாளை இந்தக் கெர்னல் விழுந்தால், உள்ளே அதிகாரபூர்வம் அல்லாத துண்டு ஒன்று இருந்தது என்று பிழையை ஆராய்பவர்களுக்குச் சொல்லும் குறிப்பு அது.

விண்டோஸோடு சேர்த்து உபுண்டு போட்டிருக்கும் மடிக்கணினிகளில் இன்னொரு தடை வரும். சாவி நிராகரிக்கப்பட்டது என்பது போல ஒரு பிழை. நம்பகமான கையெழுத்துள்ள நிரலை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையெழுத்திடப்படாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. நீங்களே ஒரு சாவி உருவாக்கி, 'மோக்யூட்டில்' மூலம் பதிவு செய்து, ரீபூட்டில் வரும் நீலத்திரையில் உறுதிசெய்து, அந்தச் சாவியால் மாட்யூலுக்குக் கையெழுத்திடலாம். அல்லது செக்யூர் பூட்டை அணைக்கலாம். சொந்த மடிக்கணினியில் அணைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினியான விர்ச்சுவல் மெஷினில் பழகுங்கள் என்பேன்.

அதற்கு வேறு காரணமும் இருக்கிறது. திருத்திய டிரைவரோடு நெட்மேப் ஓட்ட ஒரு வரிசை உண்டு: இருக்கும் டிரைவரை இறக்கு, நெட்மேப்பை ஏற்று, திருத்திய டிரைவரை ஏற்று. திருத்திய டிரைவர் நெட்மேப்பின் செயல்கூறுகளை அழைப்பதால் நெட்மேப் முதலில் இருந்தாக வேண்டும். மாற்றிப் போட்டால் தெரியாத சிம்பல், அதாவது தெரியாத செயல்கூறின் பெயர், என்று பிழை வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ராத்திரி, மந்தைவெளியில் வீட்டிலிருந்தபடியே லேப் கணினிக்கு எஸ்எஸ்ஹெச் போட்டு (தொலைவிலிருந்து டெர்மினலை இணைத்து), முதல் கட்டளையாக டிரைவரை இறக்கினேன். டெர்மினல் உறைந்தது. நான் பேசிக்கொண்டிருந்ததே அந்தக் கார்டின் வழியாகத்தான்! அடுத்த இரண்டு கட்டளைகள் போய்ச்சேர வழியே இல்லை. மறுநாள் விடிந்ததும் பறக்கும் ரயில் ஏறித் தரமணிக்குப் போய், அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து டிரைவரை மறுபடி ஏற்றினேன். டிரைவரைத் தொடாத எமுலேட்டட் முறையிலும் இந்த ஆபத்து பாதி இருக்கிறது: நெட்மேப் நிரல் ஒரு கார்டைத் திறந்ததும் அந்தக் கார்டு வழக்கமான நெட்வொர்க் பாதையிலிருந்து துண்டிக்கப்படும். நிரல் முடிந்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளும், ஆனால் தொலைவில் இருந்து அதை முடிப்பது யார்?

அதன்பின் லேப் கணினிகள் எல்லாவற்றிலும் இரண்டாவது கார்டு போட்டோம். ரிச்சி தெருவில் பழைய இன்டெல் கார்டுகள் கிடைக்கும். போர்டில் இருக்கும் கார்டு நமக்கு, செருகிய கார்டு சோதனைக்கு. அது முடியாதவர்கள் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்துக்கொள்ளலாம். அதில் இன்டெல் ப்ரோ 1000 வகைக் கார்டைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸில் இ1000 டிரைவர் ஏறும், நெட்மேப்புக்குப் பழக்கமான டிரைவர் அது. நெட்வொர்க் போனாலும் விர்ச்சுவல் மெஷினின் ஜன்னல் உங்கள் கண்முன்னே இருக்கும். ஏற்றுவதற்கு முன், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள்.

கார்டே வேண்டாம் என்றாலும் நெட்மேப்பை ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது. மாட்யூல் ஏறியதும் டெவ் அடைவில் 'நெட்மேப்' என்ற சாதனக் கோப்பு தோன்றும். ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் 'எல்எஸ்மாட்' பட்டியலிலும் நெட்மேப்பின் பெயர் வரும். மாட்யூலுக்குள்ளேயே வேல் என்ற மெய்நிகர் ஸ்விட்ச் அடங்கியிருக்கிறது. இரண்டு டெர்மினல்களைத் திறந்து, தொகுப்போடு வரும் பேக்கெட்-ஜென் கருவியை ஒன்றில் வாங்கும் பக்கமாக வேல்0 ஸ்விட்சின் ஒரு போர்ட்டிலும், இன்னொன்றில் அனுப்பும் பக்கமாக மற்றொரு போர்ட்டிலும் ஓட்டுங்கள். நொடிக்கு எத்தனை பேக்கெட் என்று இரண்டு திரையிலும் எண்கள் ஓடும். கம்பியும் கார்டும் இல்லாமல், நீங்கள் கட்டிய மாட்யூல் வழியாகவே பேக்கெட்டுகள் போகின்றன.

முடித்ததும் இறக்க 'ஆர்எம்மாட்'. ஏற்றிய வரிசைக்கு நேர் எதிராக: முதலில் திருத்திய டிரைவர், பிறகு நெட்மேப். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால் எல்எஸ்மாட்டின் கடைசிப் பத்தியில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே பெயர் இல்லாவிட்டால் எங்காவது ஒரு டெர்மினலில் பேக்கெட்-ஜென் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

புதன்கிழமை அந்த மாணவி புதிய எண்ணுக்கான ஹெடரை நிறுவினாள். உடனே மேக் போடப் போனவளை நிறுத்தி, முதலில் பழைய கட்டுமானத்தைத் துடைக்கச் சொன்னேன். கான்ஃபிகர் குறித்து வைத்திருப்பது பழைய கெர்னலின் அளவுகளை. அதை வைத்து மறுபடி தைத்தால் மறுபடி பொருந்தாது. மேக் டிஸ்ட்க்ளீன், கான்ஃபிகர், மேக், இன்ஸ்மாட். எல்எஸ்மாட்டில் நெட்மேப் வந்தது.

"ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதே வேலையா மேம்?" என்று கேட்டாள். அதற்குத்தான் டிகேஎம்எஸ் இருக்கிறது. டெல் நிறுவனத்தில் உருவானது. மூல நிரலை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்து, எப்படிக் கட்டுவது என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால், புதுக் கெர்னல் வந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அதற்கான மாட்யூலைத் தானே கட்டி வைக்கும். ஹெடர்களும் கூடவே வர, எண் ஒட்டாத பொதுவான ஹெடர் தொகுப்பை நிறுவியிருக்க வேண்டும். அன்று மதியம் சாப்பிட்டு வந்ததும் இரண்டையும் அவளே அமைத்தாள். பிறகு வேண்டுமென்றே இன்னொரு கெர்னலை நிறுவி ரீபூட் செய்து, மாட்ப்ரோப் நெட்மேப் என்று அடித்தாள். பிழை எதுவும் வராமல் அடுத்த வரிக்குப் போனது கர்சர்.